ரேஸுக்குக் காசு யார் கொடுக்கிறார்கள், அக்கா?



விடுமுறையில் நாம் பாத்தர்ஸ்ட் போய் வந்ததை உங்களில் யாரும் இன்னும் மறந்திருக்க மாட்டீர்கள். வேனில் பதினொரு பேர், இரண்டு டப்பா புளியோதரை, ஒரு கூடை முறுக்கு. லித்கோ தாண்டுவதற்குள் முறுக்கு தீர்ந்துபோனது. மேய்ஸ் ஹில்லில் நம் வீட்டு வாசலில் ஓடும் கிரேட் வெஸ்டர்ன் ஹைவேயில் ஏறி, எங்கும் திரும்பாமல் போய்க்கொண்டே இருந்தால் அந்தச் சாலை பாத்தர்ஸ்டில்தான் முடிகிறது என்று நான் சொன்னபோது பாதிப் பேர் நம்பவில்லை. தினமும் பரமட்டாவுக்கு பஸ் பிடிக்கிற அதே சாலைதான்.

மவுண்ட் பனோரமாவின் அடிவாரத்தில் உள்ள மோட்டார் பந்தய அருங்காட்சியகத்தில், பழைய படம் ஒன்றின் முன்னால் நின்றுகொண்டு நம் தம்பி ஒருவன் கேட்டான்: "அக்கா, ரோட்டை விட விளம்பரப் பலகைதான் அதிகமா இருக்கு. ரேஸ் நடத்த காசு யார் குடுக்கிறாங்க? அவங்களுக்கு என்ன லாபம்?"

அப்போது எனக்கு முழு பதில் தெரியவில்லை. "கார் கம்பெனிதான்" என்று சொல்லி வைத்தேன். வீட்டுக்கு வந்தபிறகு மனம் கேட்கவில்லை, தேடிப் படித்தேன். கடைசியில் அந்தக் கேள்வி, நான் வேலை செய்யும் வார்டுக்கு மிக அருகில் கொண்டுவந்து விட்டது. அதனால்தான் இந்த மாதம் உணவு, தூக்கம், தேர்வு நேரப் பதற்றம் என்ற என் வழக்கமான பக்கத்தை விட்டுவிட்டு கார் பந்தயத்தைப் பற்றி எழுதுகிறேன். ஆசிரியர் குழு பொறுத்துக்கொள்ளட்டும்.

கதை பாத்தர்ஸ்டில் தொடங்கவில்லை. மெல்போர்னிலிருந்து தென்கிழக்கே சுமார் 140 கிலோமீட்டர் தூரத்தில், கடலுக்குள் இருக்கும் பிலிப் தீவில் தொடங்குகிறது. நம்மில் பலர் அங்கே போயிருப்போம், மாலையில் பெங்குவின்கள் கரையேறுவதைப் பார்க்க. அந்தத் தீவின் மண் சாலைகளில் 1928 மார்ச் 31 அன்று நூறு மைல் பந்தயம் ஒன்று நடந்தது. ஆஸ்திரேலியாவின் முதல் கிராண்ட் பிரீ என்று இன்று அதைத்தான் சொல்கிறார்கள். வென்றவர் கேப்டன் ஆர்தர் வெயிட், ஓட்டியது ஆஸ்டின் 7 என்ற குட்டிக் கார். இவர் யார் தெரியுமா? ஆஸ்டின் கார் கம்பெனியின் முதலாளி ஹெர்பர்ட் ஆஸ்டினுடைய மருமகன்! ஆக, முதல் நாளிலேயே தயாரிப்பாளர் வந்து உட்கார்ந்துவிட்டார்.

1930களின் நடுவில் அந்தத் தெருப் பந்தயம் நின்றுபோனது. போருக்குப் பிறகு உள்ளூர்க்காரர்கள் சிலர் கிளப் அமைத்து, புதிதாகத் தனிப் பாதையே போட்டு 1956-ல் திறந்தார்கள். பாதை போட்டுவிடலாம். அதை வைத்துக் காப்பாற்றுவதுதான் பெரும்பாடு. கடலோரம், ஊருக்குத் தொலைவு, காற்று அடித்தால் ஆளையே தள்ளும். டிக்கெட் காசு தாருக்கும் சம்பளத்துக்கும் போதாது.

1960-ல் ஒரு கம்பெனி கை கொடுத்தது. ஆம்ஸ்ட்ராங் யார்க் என்ஜினியரிங் என்று பெயர், ஷாக் அப்சார்பர் செய்கிறவர்கள். காரில் அந்தப் பொருளை யாரும் பார்ப்பதே இல்லை. அதன் பெயரை மக்கள் வாயில் எப்படி வரவைப்பது? ஐந்நூறு மைல் பந்தயம் வைத்து அதற்குத் தங்கள் பெயரையே கொடுத்தார்கள்: ஆம்ஸ்ட்ராங் 500. பந்தயக் கார்கள் வேண்டாம், இந்த நாட்டில் செய்த அல்லது இங்கே பூட்டிச் சேர்த்த சாதாரணக் கார்கள்தான் ஓட வேண்டும் என்பது விதி. ஷோரூமில் நிற்கும் வண்டி 500 மைல் தாக்குப்பிடிக்குமா, இல்லையா? வாங்கப் போகிறவர்களுக்கு இதைவிட நல்ல விளம்பரம் கிடையாது. 1960 நவம்பர் 20 அன்று முதல் போட்டி நடந்தது. எல்லோரையும் விட முன்னால் வந்த வண்டி வாக்ஸ்ஹால் கிரெஸ்டா. இப்போது அந்தப் பெயரைச் சொன்னால் உங்கள் அப்பாக்களுக்குக்கூடத் தெரியாது. அடுத்த ஆண்டு பாப் ஜேனும் ஹாரி ஃபர்த்தும் மெர்சிடிஸில் வென்றார்கள். அதற்கும் அடுத்த ஆண்டு அதே இருவர் ஃபோர்டு ஃபால்கனில்.

ஆனால் அந்த 1962 பந்தயத்தோடு பாதை கிழிந்துவிட்டது. கனமான கார்கள் மணிக்கணக்கில் ஓடியதில் தார் பெயர்ந்து, கல் பறந்து, குழி விழுந்தது. செப்பனிட கிளப்பிடம் பணம் இல்லை.

இந்த இடத்தில் கொஞ்சம் நின்று பாருங்கள். விளம்பரதாரருக்கு வேண்டியது பந்தயம், பாதை அல்ல. ஆம்ஸ்ட்ராங் கம்பெனியின் பணம் 1963-ல் மூட்டை கட்டிக்கொண்டு பாத்தர்ஸ்டுக்குப் போனது. அக்டோபர் 6 அன்று மவுண்ட் பனோரமாவில் ஆம்ஸ்ட்ராங் 500 நடந்தது. அதே ஜேன், அதே ஃபர்த், இந்த முறை ஃபோர்டு கார்ட்டினா. இன்றும் ஒவ்வொரு அக்டோபரிலும் டிவியில் பார்க்கிறோமே, அந்தப் பாத்தர்ஸ்ட் 1000-இன் வேர் அதுதான். தீவில் புல் முளைத்தது.

மவுண்ட் பனோரமாவும் அப்போது புதிய இடம் அல்ல. 1930களின் பஞ்ச காலத்தில் வேலையில்லாதவர்களுக்கு வேலை கொடுக்க அரசு நிவாரணப் பணம் ஒதுக்கியது. மேயர் மார்ட்டின் கிரிஃபின் அந்தப் பணத்தை வாங்கி, சுற்றுலாப் பயணிகள் காட்சி பார்க்க மலைச்சாலை போடுகிறோம் என்று சொல்லி இதைக் கட்டினார். 1938 மார்ச்சில் திறப்பு விழா, ஏப்ரலில் ஈஸ்டர் சமயத்தில் கிராண்ட் பிரீ! காட்சி பார்க்கிற சாலையாம். 6.213 கிலோமீட்டர் சுற்று, அடியிலிருந்து உச்சிக்கு 174 மீட்டர் ஏற்றம். விராஜுரி மக்கள் அந்த மலையை வாலூ என்று அழைக்கிறார்கள்.

சரி, பிலிப் தீவு என்ன ஆயிற்று? 1964-ல் அதை ஒருவர் வாங்கினார். பெயர் லென் லூக்கி. தானே பந்தய ஓட்டுநர், 1959-ல் ஆஸ்திரேலிய ஓட்டுநர் சாம்பியன் பட்டம் வென்றவர். பிழைப்புக்கு அவர் செய்தது சைலன்சர். ஆமாம், லூக்கி மஃப்ளர் என்று கடைகளில் விற்கிறதே, அந்த லூக்கிதான். பெயர் எழுதிய பலகையை மாட்டிவிட்டுப் போகிறவராக அவர் இருக்கவில்லை. நிலத்தையே வாங்கி, மூன்று ஆண்டு வேலை செய்து, 1967 அக்டோபரில் பாதையைத் திரும்பத் திறந்தார். எனக்கு இந்தக் கதையில் மிகப் பிடித்த ஆள் இவர்தான். விளம்பரப் பணம் ஒரு ஆண்டு பார்த்துவிட்டு அடுத்த ஆண்டு வேறு ஊருக்குப் போகும். நிலம் வாங்கினவனால் போக முடியாது அல்லவா? அந்தப் பாதையில் ஒரு மேட்டுத் திருப்பத்துக்கு இன்றும் லூக்கி ஹைட்ஸ் என்றே பெயர்.

ஆனாலும் 1978-ல் அது மறுபடி மூடியது. ஆடு மாடு மேய்ந்தது. 1985-ல் வேறு உரிமையாளர்கள் வாங்கி, 1988-ல் திறந்து, 1989 ஏப்ரல் 9 அன்று ஆஸ்திரேலியாவின் முதல் மோட்டார் சைக்கிள் கிராண்ட் பிரீயை அங்கே நடத்தினார்கள். வென்றவர் நம் பக்கத்து ஊர் வொல்லங்காங்கைச் சேர்ந்த வெயின் கார்ட்னர். அடுத்த ஆண்டுக்குப் பிறகு அந்தப் பந்தயம் எங்கே போனது தெரியுமா? நம் வீட்டிலிருந்து இருபது நிமிடத்தில் இருக்கிற ஈஸ்டர்ன் கிரீக்குக்கு. 1991 முதல் 1996 வரை இங்கே, 1997-ல் திரும்பத் தீவுக்கு. பந்தயம் என்பது கூடாரம் போல, ஆணி யார் அடிக்கிறார்களோ அங்கே நிற்கும்.

தம்பி கேட்ட கேள்விக்கு இவ்வளவும் பாதி பதில்தான். "அவங்களுக்கு என்ன லாபம்" என்பது மீதி.

பாத்தர்ஸ்டில் ஞாயிற்றுக்கிழமை வென்ற கார், திங்கட்கிழமை கடையில் விற்றது. அதனால் கம்பெனிகள் பந்தயத்தை மனதில் வைத்தே கார் செய்து, விதி கேட்கிற எண்ணிக்கைக்கு மட்டும் அதைப் பொதுமக்களுக்கு விற்றன. 1971-ல் ஆலன் மொஃபட் வென்ற ஃபால்கன் ஜிடி எச்ஓ அப்படிப்பட்ட வண்டி. பந்தயப் பாதையில் ஓட வேண்டிய எஞ்சின், பள்ளிக்கூடத் தெருவில்! 1972-ல் இன்னும் வேகமான கார்கள் வரப்போகின்றன என்று செய்தித்தாளில் வந்ததும் பெரிய கூச்சல் எழுந்தது. நியூ சவுத் வேல்ஸ் போக்குவரத்து அமைச்சர் மில்டன் மோரிஸ் பேசினார். கம்பெனிகள் அந்தத் திட்டங்களைக் கைவிட்டன. 1971-ல் இந்த மாநிலத்தில் சீட் பெல்ட்டைக் கட்டாயமாக்கியவரும் அவர்தான். எமர்ஜென்சியில் இரவு வேலை செய்த ஆண்டுகளில் சீட் பெல்ட் போட்டவரையும் போடாதவரையும் அடுத்தடுத்த படுக்கையில் பார்த்திருக்கிறேன். மில்டன் மோரிஸுக்கு நான் தனியாக நன்றி சொல்லிக்கொள்வேன். உங்களில் பி பிளேட் வைத்திருப்பவர்களுக்கு அதிகக் குதிரைசக்தி உள்ள கார் ஏன் தடை என்று முணுமுணுக்கிறீர்களே, அந்த வாக்குவாதம் நீங்கள் பிறப்பதற்கு வெகு காலம் முன்பே தொடங்கியது.

பாதையிலும் உயிர் போயிருக்கிறது. 1986-ல் கான்ராட் நேர்ப்பாதையில் மைக் பர்க்மன் என்ற ஓட்டுநர் இறந்தார். அடுத்த ஆண்டே அங்கே 'தி சேஸ்' என்ற வளைவை வெட்டினார்கள், வேகத்தைக் குறைக்க. நாம் வேனில் அந்த வளைவில் போனபோது பாட்டுப் பாடிக்கொண்டிருந்தோம்.

இதற்கு நடுவில் ஒரு நல்ல கதை. 1980 பந்தயத்தில் குவீன்ஸ்லாந்துக்காரர் டிக் ஜான்சன், கையில் இருந்ததையெல்லாம் போட்டுத் தயாரித்த ஃபால்கனில் முன்னணியில் போய்க்கொண்டிருந்தார். பாதையில் ஒரு பாறாங்கல் கிடந்தது. அதில் மோதி, கார் நாசம். நேரலையில் பேசும்போது அவருக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது. பார்த்துக்கொண்டிருந்த ஜனங்கள் டிவி நிலையத்துக்குப் போன் போட்டு, ஐந்து டாலர் பத்து டாலர் என்று பணம் தர ஆரம்பித்தார்கள். பந்தயத்திலிருந்து அப்போது விலகியிருந்த ஃபோர்டு கம்பெனி, மக்கள் கொடுத்த ஒவ்வொரு டாலருக்கும் ஒரு டாலர் தருகிறோம் என்றது. மொத்தம் ஏறக்குறைய 1,44,000 டாலர் சேர்ந்தது. அடுத்த ஆண்டு அதே மலையில் அவர் வென்றார். நம் சபை மண்டபத்துக்கு நிதி திரட்டியபோது ஒருவர் "நீங்கள் போடுகிற அளவு நானும் போடுகிறேன்" என்றாரே, அதே யுக்தி.

இனி என் வார்டுக்கு வருகிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன் ஓர் அக்டோபர் ஞாயிறு. வயதான ஒருவர், ஓய்வு பெற்ற மெக்கானிக், மூக்கில் ஆக்சிஜன் குழாயுடன் காலையிலிருந்து டிவியை விட்டுக் கண் எடுக்கவில்லை. அவருடைய நோய் என்ன என்று எழுத எனக்கு உரிமை இல்லை, எழுதவும் மாட்டேன். நான் மருந்து கொடுக்கப் போகும்போதெல்லாம் எனக்கு ஒரு பாடம் எடுப்பார். எந்த ஆண்டு யார் வென்றார், பந்தயத்துக்கு அந்த ஆண்டு என்ன பெயர். "முதலில் ஆம்ஸ்ட்ராங், பிறகு ஹார்டி-ஃபெரோடோ, பிறகு ஜேம்ஸ் ஹார்டி, பிறகு டூஹீஸ்" என்று விரல் மடக்கினார். டூஹீஸ் என்பது பீர் கம்பெனி என்று தெரியும். நடுவில் இருந்த இரண்டு பெயர்களைக் கேட்டதும் எனக்குக் கை நின்றுவிட்டது.

ஹார்டி-ஃபெரோடோ பிரேக் லைனிங் செய்த கம்பெனி. 1968 முதல் பாத்தர்ஸ்ட் பந்தயம் அதன் பெயரில்தான் நடந்தது. 1981 முதல் 1987 வரை தாய்க் கம்பெனியின் பெயரிலேயே, ஜேம்ஸ் ஹார்டி 1000. அந்தக் காலத்தில் பிரேக் லைனிங்கில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கும். சூடு தாங்கும், தேயாது, மலிவு. மலையிலிருந்து இறங்கி வரும் காரை நிறுத்துகிற பொருளுக்கு பாத்தர்ஸ்டை விடப் பொருத்தமான மேடை ஏது? ஜேம்ஸ் ஹார்டி வீடு கட்டும் ஆஸ்பெஸ்டாஸ் பலகையும் செய்தது. இங்கே அதை ஃபைப்ரோ என்பார்கள். தொழிற்சாலை எங்கே இருந்தது? கமீலியாவில். பரமட்டாவுக்கு அந்தப் பக்கம், ரோஸ்ஹில் குதிரைப் பந்தய மைதானத்தை அடுத்து. நம் ஆராதனை முடிந்து காரில் பத்து நிமிடம்.

அந்தத் தொழிற்சாலையில் 1968-லிருந்து 1974 வரை வேலை செய்தவர் பெர்னி பாண்டன். பந்தயத்துக்கு ஹார்டி-ஃபெரோடோ என்று பெயர் மாறியதும் 1968, அவர் வேலைக்குச் சேர்ந்ததும் 1968. அவரோடு அங்கே வேலை செய்த பலரும் நுரையீரல் நோயால் இறந்தார்கள். ஆஸ்பெஸ்டாஸ் தூசி உள்ளே போனால் அன்றைக்கு இருமல்கூட வராது. இருபது, முப்பது, நாற்பது ஆண்டு கழித்து நுரையீரலைச் சுற்றியுள்ள சவ்வில் மீசோதீலியோமா என்ற புற்றுநோயாக வரும். வந்தபிறகு முழுவதும் குணப்படுத்த வழி இல்லை. 2001-ல் கம்பெனி, நோயாளிகளுக்கு இழப்பீடு தர ஓர் அறக்கட்டளையைத் தனியாக அமைத்தது. அதில் போட்ட பணம் போதவே போதாது என்பது 2004-ல் நடந்த அரசு விசாரணையில் வெளியானது. பெர்னி பாண்டன் மூக்கில் ஆக்சிஜன் குழாயோடு கூட்டத்துக்குக் கூட்டம் போய்ப் பேசினார். தொழிற்சங்கங்கள் கூட நின்றன. கடைசியில் நீண்ட கால இழப்பீட்டு நிதிக்குக் கம்பெனி ஒப்புக்கொண்டது. 2007 நவம்பர் 27 அன்று அவர் மீசோதீலியோமாவால் இறந்தார், வயது 61. மாநில அரசு மரியாதையுடன் அடக்கம் நடந்தது. கான்கார்டில் அவர் பெயரில் ஆராய்ச்சி மையம் இருக்கிறது. ஆஸ்திரேலியா ஆஸ்பெஸ்டாஸை முழுவதுமாகத் தடை செய்தது 2003 டிசம்பர் 31 அன்றுதான்.

பந்தயம் நடத்தினவர்களைக் குறை சொல்ல நான் இதை எழுதவில்லை. பிரேக் கம்பெனியின் பணம் வந்திராவிட்டால் பாத்தர்ஸ்டும் தீவைப் போலப் புல் முளைத்துக் கிடந்திருக்கலாம். பீட்டர் பிராக் 1979-ல் ஆறு சுற்று வித்தியாசத்தில் வென்று, கடைசிச் சுற்றில் சாதனை நேரத்தையும் உடைத்தாரே, அந்த நாளும் ஹார்டி-ஃபெரோடோ பலகைகளுக்கு நடுவில்தான் நடந்தது. அவர் காரில் மார்ல்பரோ சிகரெட் பெயர். ஜனங்கள் சந்தோஷமாகப் பார்த்தார்கள், குழந்தைகள் தொப்பி வாங்கிப் போட்டுக்கொண்டார்கள். புகையிலை விளம்பரத்தை 1992-ல் சட்டம் போட்டுத் தடுக்க வேண்டியிருந்தது. எனக்கு உறுத்துவது இதுதான்: விளம்பரம் ஒரு பெயரை நம் சந்தோஷத்தோடு சேர்த்துக் கட்டிவிடுகிறது. பிறகு அந்தப் பெயரைப் பற்றிக் கெட்ட செய்தி வந்தால் நம் மனசே நம்ப மறுக்கிறது. என் நோயாளி விரல் மடக்கி அந்தப் பெயரைச் சொன்னபோது அவர் முகத்தில் இருந்தது பழைய காதலியின் பெயரைச் சொல்லும் சிரிப்பு. நான் ஒன்றும் சொல்லவில்லை. சொல்ல எனக்கு என்ன இருக்கிறது? மருந்தைக் கொடுத்துவிட்டு, சத்தத்தை இரண்டு புள்ளி கூட்டி வைத்தேன்.

இதோடு ஒட்டிய ஒரு விஷயம், தயவுசெய்து வீட்டில் பெரியவர்களிடம் சொல்லுங்கள். மேய்ஸ் ஹில், வென்ட்வொர்த்வில், பெண்டில் ஹில் பக்கம் நம்மவர்கள் வாங்குகிற பழைய வீடுகளில் ஃபைப்ரோ நிறைய உண்டு. 1990க்கு முன் கட்டிய வீடு என்றால் குளியலறைச் சுவர், கூரை விளிம்பு, கார் ஷெட், பழைய தரைவிரிப்பின் அடி எதிலும் இருக்கலாம். அசையாமல், உடையாமல் இருக்கும்வரை ஆபத்து குறைவு. சனிக்கிழமை மாமாவும் சித்தப்பாவும் சேர்ந்து சுத்தியல் எடுத்து "நாமே உடைத்துவிடலாம், ஆயிரம் டாலர் மிச்சம்" என்பதுதான் ஆபத்து. முதலில் ஒரு துண்டைச் சோதனைக்குக் கொடுக்கச் சொல்லுங்கள். பத்து சதுர மீட்டருக்கு மேல் என்றால் இந்த மாநிலத்தில் உரிமம் பெற்றவர்தான் அகற்ற வேண்டும் என்பது சட்டம். மேல்நிலைக் கணக்குப் பாடம் போல நினைக்காதீர்கள், தேர்வு முப்பது ஆண்டு கழித்து வரும்.

இதையெல்லாம் போனில் அப்பாவிடம் சொன்னேன். அவர் சென்னையில் இருக்கிறார். நான் சொன்னதில் பாதியைத்தான் கேட்டார். "பாத்தர்ஸ்ட் கிடக்கட்டும், எங்க சோழவரம் மாதிரி வருமா?" என்று ஆரம்பித்துவிட்டார்.

சோழவரம் தெரியாதவர்களுக்கு: சென்னைக்கு வடக்கே, செங்குன்றம் தாண்டி, கல்கத்தா போகும் சாலையில் இருக்கிறது. இரண்டாம் உலகப்போரில் விமானம் இறங்கப் போட்ட ஓடுதளம். போர் முடிந்தது, ஓடுதளம் மிஞ்சியது. 1950களில் மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் அதில் கார், பைக் பந்தயம் நடத்தத் தொடங்கியது. வருடா வருடம் பிப்ரவரியில் ஊரே திரளும். அப்பா பள்ளிக்கூடப் பையனாக லாரியில் ஏறிப் போனாராம். பாட்டியிடம் சொன்னது வேதாகமத் தேர்வு என்று. (இதை இங்கே எழுதலாமா என்று கேட்டேன். "எழுது, அம்மா இப்ப இல்ல" என்றார்.) பைக் சத்தம் கேட்டே அது என்ன வண்டி என்று சொல்லிவிடுவார்களாம். பார்வையாளருக்கும் வண்டிக்கும் நடுவில் இருந்தது பல இடங்களில் வைக்கோல் கட்டும் கடவுள் நம்பிக்கையும்தான் என்றார்.

அங்கேயும் கதை அதேதான். தொடக்கத்தில் சொந்தக் காசில் ஆசைக்கு ஓடினார்கள். பிறகு கம்பெனிகள் வந்தன. டிவிஎஸ் 1982-ல் தன் பந்தயக் குழுவைத் தொடங்கியது. டயர் கம்பெனிகள் பணம் போட்டன. கோயம்புத்தூர் மில் குடும்பத்துப் பிள்ளை சுந்தரம் கரிவரதன், மாருதி 800 எஞ்சினை வைத்து ஃபார்முலா மாருதி என்ற மலிவான ஒற்றை இருக்கைப் பந்தயக் காரையே உருவாக்கினார். சாதாரண இளைஞனும் ஓட்டலாம் என்ற நிலை அதில் வந்தது. அப்படிப்பட்ட கார்களில் தொடங்கி, 2005-ல் ஃபார்முலா ஒன் வரை போனவர் நரேன் கார்த்திகேயன். கரிவரதன் 1995-ல் விமான விபத்தில் இறந்தார். கோவை செட்டிப்பாளையத்தில் உள்ள பந்தயப் பாதைக்கு அவர் பெயர்.

ஆனால் சோழவரத்துக்கு ஒரு லென் லூக்கி கிடைக்கவில்லை. ஓடுதளம் கிளப்புக்குச் சொந்தமில்லை. அதனால் அவர்கள் சொந்தமாக நிலம் வாங்கி, ஸ்ரீபெரும்புதூர் பக்கம் இருங்காட்டுக்கோட்டையில் பாதை போட்டு, 1990-ல் அங்கே குடிபோய்விட்டார்கள். சரியான முடிவுதான் என்று நான் நினைக்கிறேன். விமானத்துக்குப் போட்ட நேர்க்கோட்டில், வைக்கோல் கட்டை நம்பி எத்தனை நாள் ஓடுவது? அப்பா ஒத்துக்கொள்ளவில்லை. "கம்பெனிக்காரன் நினைச்சா அங்கேயே திரும்ப நடத்தலாம்" என்றார். "எந்தக் கம்பெனி அப்பா?" என்று கேட்டேன். கொஞ்ச நேரம் யோசித்தார். "எதுவா இருந்தா என்ன, வண்டி ஓடினா சரி."

அந்தப் பதிலைக் கேட்டு நான் சிரித்தேன். பிறகு வெகு நேரம் தூக்கம் வரவில்லை. ஏனென்றால் 1968-ல் பாத்தர்ஸ்டில் நின்ற எல்லோரும் அதையேதான் சொல்லியிருப்பார்கள், நானும் அங்கே இருந்திருந்தால் சொல்லியிருப்பேன்.

இங்கே ஃபோர்டு 2016-லும், டொயோட்டாவும் ஹோல்டனும் 2017-லும் கார் செய்வதை நிறுத்திவிட்டன. ஆம்ஸ்ட்ராங் 500 எதற்காகத் தொடங்கியதோ, அந்த 'இங்கே செய்த சாதாரணக் கார்' என்பதே இப்போது இல்லை. பந்தயம் மட்டும் நிற்காமல் நடக்கிறது. 2021-லிருந்து உதிரிபாகம் விற்கும் ரெப்கோவின் பெயரில்.

கடைசியாக ஓர் அறிவிப்பு. அடுத்து பிலிப் தீவுக்குப் போகலாம் என்று பலர் கேட்டிருக்கிறீர்கள். இங்கிருந்து ஏறக்குறைய ஆயிரம் கிலோமீட்டர், இரண்டு வேன், இரண்டு இரவு தங்கல். செலவு பாத்தர்ஸ்ட் போல இருக்காது. வேன் வாடகை முழுவதையும் தருகிறோம் என்று ஒரு நிறுவனம் முன்வந்திருக்கிறது. பதிலுக்கு நம் சட்டையில் அவர்கள் பெயரைப் போட வேண்டுமாம். அவர்கள் என்ன விற்கிறார்கள் என்று முழுவதும் விசாரிக்கும் பொறுப்பை, அருங்காட்சியகத்தில் கேள்வி கேட்ட தம்பியிடமே வாலிபர் செயற்குழு கொடுத்திருக்கிறது. அவன் அறிக்கை வந்தபிறகுதான் சரி, இல்லை என்று முடிவு. இல்லை என்றால் தலைக்கு எவ்வளவு என்று அடுத்த இதழில் போடுகிறோம். வர விரும்புகிறவர்கள் பெயர் கொடுத்து வையுங்கள். முறுக்கு இந்த முறை இரண்டு கூடை.